தவணை முடிந்தவனின் கோட்டு

தடித்த கம்பளித் துணியில் ஊசி லேசில் இறங்கவில்லை. கட்டைவிரலில் மாட்டிய தோலுறை தேய்ந்து போயிருந்ததால் ஒவ்வொரு குத்துக்கும் விரல் வலித்தது. மெழுகு தடவிய நூலை இழுத்து, இறுக்கி, நகத்தால் நீவிவிட்டு மறுபடி குத்த வேண்டும். மூன்றாவது பொத்தான் துளையை இரண்டு தரம் பிரித்தாயிற்று. தையல் ஒரு நூலிழை கோணினாலும் அந்தக் கைகள் பொறுக்காது.

கிராசியா டொமிங்கோவின் கைகள் அவை. 1671ஆம் ஆண்டு, வர்ஜீனியாவின் கிழக்குக் கரையில், ஓடையை ஒட்டி நூறு ஏக்கர் அவளுக்கு இருந்தது. அடிமையாக வந்து விடுதலை பெற்ற அவள் கணவன் பாஸ்டியன் வாங்கிய நிலம். அவன் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அந்தப் பக்கத்தில் சொந்த நிலம் வைத்திருந்த நாலைந்து கறுப்பர் வீடுகளில் அதுவும் ஒன்று.

கோட்டு கில்பர்ட் டேப்புக்கு. பிரிஸ்டலிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளைக்காரன். கப்பல் கூலிக்கு ஈடாக நாலு வருடம் உழைப்பதாகக் கைநாட்டு வைத்திருந்த அவனைப் பாஸ்டியன் துறையில் பணத்துக்குப் பதில் புகையிலை கொடுத்து வாங்கியிருந்தான். வரும் சனிக்கிழமையோடு தவணை முடிகிறது. தவணை முடிந்தவனுக்கு எஜமானர் புதுக் கோட்டும் மூன்று பீப்பாய் சோளமும் கொடுத்து அனுப்புவது வழக்கம். நாலு பேர் பார்க்கக் கொடுத்தால் அவன் விடுதலைக்கு அந்தக் கோட்டே சாட்சி.

இதெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, பக்கத்துத் தோட்டத்து ஹம்ஃப்ரி பெல்டன் வாயைத் திறக்கும் வரை.

போன வருடம் சட்டசபை ஒரு சட்டம் போட்டிருந்தது. கறுப்பர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், விடுதலை பெற்றிருந்தாலும், கிறிஸ்தவ வேலையாட்களை வாங்கக் கூடாதாம். கிராசியாவுக்கு அந்தச் சட்டமே பிடிபடவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்கால் போடுகிற அவள் பிறகு யார்?

அதை வைத்துக்கொண்டு பெல்டன் முதலில் கில்பர்ட்டிடம், நீ அவளுக்கு ஆளே இல்லை, கிளம்பு என்றார். கில்பர்ட் களைக்கொட்டைப் போட்டுவிட்டு அன்று முழுக்கச் சீட்டியடித்துக் கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பெல்டன் மறுபடி கூப்பிட்டனுப்பினார். இப்போது பேச்சு வேறு. அவளுக்கு ஆளாக இருந்ததில்லை என்றால், நீ கைநாட்டு வைத்த நாலு வருடமும் இன்னும் பாக்கி. அடுத்த மாதம் நீதிமன்றம் கூடும்போது அதை எனக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

கில்பர்ட் வந்து வாசற்படியிலேயே நின்றான்.

"எஜமானியம்மா, நீங்க என் எஜமானியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நாலு வருஷமா நான் யாருக்குப் புகையிலை நட்டேன்?"

"என் சோளக்கூழை நாலு வருஷமாக் குடிச்சான் பாரு ஒருத்தன், அவனைக் கேளு" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான்.

மறுநாள் அவள் நீதிமன்ற எழுத்தரிடம் போனாள். வாங்கியது நாலு வருடத்துக்கு முன், சட்டம் வந்தது போன வருடம், இது செல்லுமா செல்லாதா என்று கேட்டாள். அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பழசைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் செல்லும்தானே என்றதற்கு, செல்லாது என்றும் இல்லை என்றார். ஊரார் முன்னால் அவனுக்குக் கோட்டுக் கொடுத்தால் தன் நிலத்துக்கு ஏதாவது கேடு வருமா என்று கேட்டாள். அவர் இறகுப் பேனாவைச் சீவத் தொடங்கிவிட்டார்.

கொடுத்தால், வெள்ளைக்காரனுக்கு நான் எஜமானியாக இருந்தேன் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். கொடுக்காவிட்டால் அவனுக்கு இன்னும் நாலு வருடம். வீடு திரும்பும் வழியெல்லாம் பாஸ்டியனின் நினைவு. அவனை விடுவதாக எஜமானர் சொல்லியிருந்த கெடு முடிந்த மாதம்தான் அவர் செத்தார். விடுதலை என்று அவர் சொன்னதைக் கேட்டவர் யாரும் இல்லை. அவர் மகனிடம் அவன் மேலும் மூன்று வருடம் உழைக்க வேண்டியிருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்தாள். சனிக்கிழமை, கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தபோது கில்பர்ட் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"நாளைக்குக் கோயில்ல வச்சுத்தான் கோட்டைக் குடுக்கணுமா? கொல்லைப் பக்கமே குடுத்துடுங்களேன்."

"ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான். "எல்லாரும் பாப்பாங்க. உங்க கையால வாங்கறதை."

எழுந்த கோபம் அவன்மேலா, சட்டத்தின்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கொல்லையில குடுத்தா பெல்டன் கொல்லைக்கே வந்து உன்னை இழுத்துட்டுப் போவாரு. யாரு பாத்தாங்கன்னு கேட்டா கோழியையா காட்டுவே?"

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து சனம் கோயில் முற்றத்தில் நின்றிருந்தது. கிராசியா கோட்டை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள். போன வருடம் வரை அவளை டொமிங்கோ அம்மா என்று கூப்பிட்டுவந்த பெல்டன் குரல் கொடுத்தார்.

"கிராசியா, அதை மடிச்சு எடுத்துட்டு வீட்டுக்குப் போ. அவன் என்ன உன்னோட ஆளா, நீ குடுக்கறதுக்கு?"

"இல்லைங்க. நேத்தோட தவணை முடிஞ்சுது. இனி அவன் என்னோட ஆளும் இல்லை, வேற யாரோட ஆளும் இல்லை. அதுக்குத்தான் குடுக்கறேன்."

கில்பர்ட் பெல்டனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது. மெல்ல நடந்து அவள் முன்னால் வந்தான். வந்தவன் கையை நீட்டாமல், சட்டென்று அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். தோள்களைப் பின்னால் தள்ளிக் கைகளைத் தாழ்த்தினான். போட்டுவிடட்டும் என்றா, வாங்கும் முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்றா? அவளுக்குப் புரியவில்லை. அவள் கோட்டை விரித்துப் பிடித்தாள். வலது கை உள்ளே போனது. பிறகு இடது கை.