மைக்கில் போன ஒரு வார்த்தை

எழுபதுகளில், திருச்சுழி பக்கம் எங்கள் ஊர் அம்மன் பொங்கலன்று நடந்தது இது. பூசாரி அறிவிப்புச் சொல்லிவிட்டு மைக்கைச் சன்னதிப் படியிலேயே வைத்துப் போயிருந்தார். நான் கவனிக்கவில்லை. அம்மன் முன் விழுந்து, "பாவம் பண்ணிட்டேன் தாயே" என்று அழுதேன். தம்பி மகளுக்கு வந்த நல்ல சம்பந்தத்தைப் பொறாமையில் கோள் சொல்லிக் கலைத்தவன் நான். அத்தனையையும் சொல்லிவிட்டு எழுந்தபோதுதான் மைக் கண்ணில் பட்டது. வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ஊர் முழுக்கக் கேட்குமே! வெளியே ஓடி வந்தேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்த மைக்செட்காரர் மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதீக அண்ணாச்சி. மொத வார்த்தைதான் வெளிய போச்சு. நீங்க அழுகவும் சத்தத்தத் திருகிக் கொறச்சுட்டேன். சாமிகிட்ட பேசுறது ஊருக்கு எதுக்கு?"

அதற்குள் தம்பி வந்து என் கையைப் பிடித்தான். "அண்ணே, நீங்களே பாவின்னா நாங்கல்லாம் எங்க போக? ஊரே ஒங்க பக்தியத்தான் பேசுது!"

மைக்செட்காரரைக் கும்பிடுவதா, கோபிப்பதா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அம்மன் என்னைக் காப்பாற்றினாளா, என் வாயாலேயே தம்பியிடம் சொல்லட்டும் என்று விட்டுவைத்தாளா?

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.