சீட்டில் எழுதிய பாவங்கள்

ராஜபாளையத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். அந்த வருடம் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்க வேண்டிய எட்டுப் பிள்ளைகள் என் பொறுப்பு. பூசை முடிந்ததும் வகுப்பு. பசியில் ஒருவரும் என்னைப் பார்க்கமாட்டார்கள், வாசலைத்தான் பார்ப்பார்கள். பங்குச்சாமியார் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "முதல் பாவசங்கீர்த்தனத்துல பிள்ளைங்க முழிச்சா, அடுத்த வருசம் வகுப்பை சிஸ்டர்கிட்ட குடுத்துருவோம் டீச்சர்" என்றார். புதுநன்மைக்கு முன் பிள்ளைகள் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் அது. எனக்குச் சுருக்கென்றது. வாரம் முழுக்க மில் ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சுவாரசியமாக ஏதாவது கிடைக்குமா என்று போனைக் குடைந்தேன். வீடியோ போட்டால் விளம்பரத்தைத்தான் வாய் பிளந்து பார்த்தார்கள். வண்ணம் தீட்டும் படம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். நல்ல ஆயனாக இயேசு, தோளில் ஆட்டுக்குட்டி, சுற்றிலும் முழங்கால் அளவு பனி. ஒருவன் பனியை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ராஜபாளையம் நாயை வரைந்து வைத்தான். "நாய் இல்லாம எப்படி டீச்சர் அம்புட்டு ஆட்டையும் காவக்காப்பாரு?" 'குட்' போட்டுக் கொடுத்தேன்.

கடைசியில் நானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். துண்டுச் சீட்டுகளில் ஆளுக்கொரு பாவம். பழைய சேலையைத் திரையாகக் கட்டி நான் சாமியார் மாதிரி பின்னால் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் சீட்டெடுத்து, வந்து மண்டியிட்டு, அதைச் சொல்ல வேண்டும்.

சீட்டுகளை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் எழுதினேன். எட்டு வயதுப் பிள்ளை என்னதான் பாவம் செய்யும்? இரண்டுக்கு மேல் ஓடவில்லை. இறங்கும் இடமோ நெருங்கிவிட்டது. அவசரத்துக்குச் சொந்தச் சரக்கை எடுத்து நிரப்பினேன். மாமியாருக்கு வாங்கிய பால்கோவாவை வழியிலேயே தின்றுவிட்டு, கடையில் தீர்ந்துவிட்டது என்று சொன்னது. காய்ச்சல் என்று லீவு போட்டுக் கல்யாணத்துக்குப் போனது. பிரசங்கத்தில் தூங்கியது. இப்படி ஆறு.

வகுப்பு களைகட்டிவிட்டது. "ஏட்டி, ஒன் பாவத்த எனக்குத் தாட்டி, இது நல்லாவே இல்ல" என்று பாவத்துக்கு அடிபிடி. நான் சொல்ல மறந்தது ஒன்றே ஒன்று: கோயிலில் அவரவர் பாவத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் பாவசங்கீர்த்தனம் வைத்த சனிக்கிழமை எட்டுப் பேரும் ஒருவர்கூட முழிக்காமல் போய், பெருமை பொங்கத் திரும்பி வந்தார்கள்.

"நல்லாச் சொன்னியாலே?"

"மனப்பாடம் டீச்சர். மாமியார் பால்கோவா."

அடுத்தவளைக் கேட்டேன். பிரசங்கத் தூக்கம். எட்டும் சீட்டுப் பாவம்! பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே பேசக்கூடாது, அதனால் என்னைக் கூப்பிட்டுத் திட்டவும் முடியாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரை மனதார வாழ்த்தினேன். ஆனால் வரிசையில் கடைசி ஆள் நான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, எப்படி நழுவுவது?

பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்கு முன்னால் மண்டியிட்டேன். வேறு பாவம் எதுவும் நினைவுக்கு வந்து தொலைக்கவில்லை. "சாமி, மாமியாருக்கு வாங்குன பால்கோவாவ..." வலைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். காய்ச்சலுக்கு வந்தபோது இருமல் நீண்டது. பிரசங்கத்துக்கு வந்தபோது அது இருமலே இல்லை என்று புரிந்துவிட்டது.

"மேல சொல்லுங்கம்மா."

மேலே ஒன்றுதான் இருந்தது. "பிள்ளைங்களுக்கு நான் ஒழுங்காச் சொல்லிக்குடுக்கல சாமி. அதுங்க மனசுல உள்ளதச் சொல்ல விடாம, என் பாவத்த அதுங்க தலையில கட்டிட்டேன்." விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

சாமியார் வலைப் பக்கம் குனிந்தார்.

"அடுத்த சனிக்கிழமை பிள்ளைங்கள அவங்கவங்க பாவத்தோட கூட்டிட்டு வாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருசமும் அந்த வகுப்பை நீங்கதான் எடுக்கணும். அதான் உங்களுக்குப் பரிகாரம்."