கமலேஷுக்கு விழுந்த கைத்தட்டல்

ஐம்பது தாண்டிய பிறகு பொன்ராஜுக்கு ஒரு அரசியல்வாதி மேல் பைத்தியம் பிடித்தது. அதுவும் எப்படிப்பட்ட அரசியல்வாதி! மும்பையில் பிறந்து, தமிழில் வணக்கம் தவிர வேறெதுவும் தெரியாமல், இங்கிலீஷிலேயே சிரிக்கிற கமலேஷ். அரசாங்கம் கடை நடத்தக் கூடாது, தோட்டம் நடத்தக் கூடாது, ஜனங்கள் வாங்குவதிலும் விற்பதிலும் மூக்கை நுழைக்காமல் ஒதுங்கி நின்றால் போதும் என்று அந்த ஆள் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். குன்னூர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பொன்ராஜ் அதைக் கேட்பார். ரசம் ஆறிப் போகும்.

"உங்காளு இன்னைக்கு எதை விக்கச் சொல்றாரு?" என்பாள் மனைவி சுஜாதா.

"உனக்குப் புரியாது."

"புரியாட்டிப் போகுது. தட்டைக் கழுவணும், எந்திரிங்க."

சும்மா சொல்லக் கூடாது, பொன்ராஜின் பைத்தியத்தில் ஒரு நியாயம் இருந்தது. அவர் பிறந்தது சேரம்பாடிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிற அந்த ஒற்றை அறை வீட்டை அவர்கள் வாயில் இன்றைக்கும் காம்பரா என்றுதான் வரும். அக்கா இசக்கி இலங்கையிலேயே பிறந்து குழந்தையாக வந்தவள். அம்மா படுக்கையில் விழுந்ததும் அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக்கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். தம்பி படித்தான். இதை இசக்கியக்கா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட பொன்ராஜ் ஒரு சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பார்.

படிப்பு முடிந்து, குன்னூரில் டீத்தூள் ஏலம் விடுகிற புரோக்கர் கம்பெனி ஒன்றில் சாம்பிள் பொட்டலம் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஏலக்கூடம் அந்தக் காலத்தில் ஒரே கூச்சல். ஏலம் விடுகிறவர் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார், வாங்குகிறவர்கள் முந்திக்கொண்டு கை தூக்குவார்கள். கேட்டுக் கேட்டே பொன்ராஜுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. ஆனால் அவரை மயக்கியது அது இல்லை. வெள்ளைக் கோப்பைகளில் டீயை வரிசையாக ஊற்றி வைத்தால், இது யார் தோட்டம், அப்பன் யார், பாட்டன் யார் என்று எவனும் கேட்கவில்லை. வாயில் உறிஞ்சி, சுழற்றி, துப்பிவிட்டு விலை சொன்னான். தோட்டத்து மேனேஜர் தொரை வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று பழகிய பிள்ளைக்கு இது எப்படி இருந்திருக்கும்! சரக்கை மட்டும் பார்த்து மதிக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பொன்ராஜ் சீனியர் கிளார்க் ஆகிவிட்டார். அந்த நினைப்பு மட்டும் போகவில்லை. அவர் இத்தனை வருசமாக மனசுக்குள் வைத்திருந்ததைத்தான் கமலேஷ் வந்து கோட் போட்டுக்கொண்டு பேசினார்.

அதிலும் அந்த ஆள் பசப்பு வார்த்தை பேசவில்லை. "நான் மிக்ஸி தர மாட்டேன், கிரைண்டர் தர மாட்டேன். தருகிறேன் என்று சொல்கிறவன் உங்கள் பையிலிருந்து எடுத்துத்தான் தருவான்" என்று மேடையிலேயே சொல்லிவிட்டுக் கையை விரித்துச் சிரிப்பார். ஓட்டுக் கேட்க வந்த இடத்தில் இல்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! பொன்ராஜ் சொக்கிப் போனது அந்த உண்மைக்காகத்தான்.

எலெக்‌ஷன் வந்தது. கமலேஷ் கட்சிக்கு இந்த மலையில் பொறுப்பாளர் தினேஷ்குமார், கோயம்புத்தூர்க்காரர். ஒரு நாள் ஆபீஸுக்கே வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, நம்ம தலைவரு சேரம்பாடிக்கு வர்றாருங்க. தமிழ்ல சொல்றதுக்குப் பேசி வெச்ச வாத்தியாரு கடைசி நேரத்துல கழுத்தறுத்துட்டாருங்க. உங்களுக்கு அவரு பேச்செல்லாம் மனப்பாடம்னாங்க. நீங்கதானுங்க கை குடுக்கோணும்."

பொன்ராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னார். சுஜாதாவுக்குக் குளிரவில்லை.

"மழை முடிஞ்சா அக்காவுக்கு ரிட்டையர்மென்ட். காம்பராவைக் காலி பண்ணணும். அடுத்து எங்க போறதுன்னு அந்த மனுஷி தூங்கறதே இல்ல. தோட்டத்தை வித்துடுன்னு சொல்ற ஆளைக் கூட்டிக்கிட்டு அவங்க வாசலுக்கே போறீங்களா?"

"அக்காவைத்தான் இங்க வரச் சொல்லியாச்சே."

"வருவாங்களா? தம்பி பொண்டாட்டி கையைப் பாத்து உக்கார்ற ஆளா அவங்க?"

அதுவும் உண்மைதான். இசக்கியக்கா யார் வீட்டிலும் போய் ஒட்டிக்கொள்கிற ஜாதி இல்லை. தேவர்சோலையில் சாந்தாமணி என்று பழைய சிநேகிதி ஒருத்தி, தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை அவளுக்காக வைத்திருந்தாள். ஒழுகும், ஆனால் தனிக் கதவு. வேலை முடிந்ததும் அங்கே போவதாக அக்கா பாதி மனசாக முடிவு செய்திருந்தாள். தனிக் கதவு இல்லாத இடத்துக்கு அவள் வர மாட்டாள்.

பொன்ராஜ் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சேரம்பாடியில் தூறலோடு கூட்டம். கொழுந்து பறிக்கிற பிளக்கிங் முடிந்து பெண்கள் நேராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் தலையில் துணியைக் கட்டியபடி இசக்கியக்கா. தம்பி மேடை ஏறியதைப் பார்த்து அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவளை இடித்து இடித்துக் காட்டினாள்.

முதலில் பொன்ராஜ் கடிதம் வாசிக்கிற மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தார். "தடையற்ற வணிகமானது" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தபோது கூட்டத்தில் பாதி கொட்டாவி விட்டது. ஒருத்தி எழுந்து, "தம்பி, நம்ம பேச்சுல சொல்லுங்க, இது ரேடியோ மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். சிரிப்பு. பொன்ராஜும் சிரித்துவிட்டு லயத்துப் பேச்சுக்கு இறங்கினார். அவ்வளவுதான், குரல் திறந்துகொண்டது. கமலேஷ் ஒரு வரி சொன்னால் இவர் அதைத் தூக்கி, திருப்பி, உப்புக் காரம் போட்டுக் கொடுத்தார். "நீ பறிச்ச கொழுந்து. வெல சொல்றது மட்டும் எவனோவா?" என்றார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கமலேஷுக்கே ஆச்சரியம். ஜனங்கள் முகத்தைப் பார்த்து அவரும் சூடேறினார். இரண்டு பேரும் ஜோடி சேர்ந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் கமலேஷ் அந்தப் பேச்சுக்கு வந்தார். போகிற இடமெல்லாம் கசப்பானதைக் கடைசியில் சொல்வது அவர் வழக்கம். "இந்தத் தோட்டத்தை அரசாங்கம் விற்க வேண்டும். லயத்து வீடுகளும் அதோடு போகும். வேலை முடிந்தவர்கள், நாட்டில் மற்ற எல்லாரையும் போல, தங்களுக்கு ஒரு வீட்டைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியதுதான். வீடு தருகிறேன் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் இங்கிலீஷில், ஒளிவு மறைவில்லாமல்.

பொன்ராஜ் மைக்கைப் பிடித்தார். உள்ளது உள்ளபடி சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே இசக்கியக்கா நிமிர்ந்த முகத்தோடு, தம்பி அடுத்து என்ன சொல்லப் போகிறானோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானமே காத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் கட்டி எழுப்பியதை இந்த இடத்தில் போட்டு உடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"இந்தக் காம்பரா உங்களுக்கு எதுக்கு?" என்று ஆரம்பித்தார். "தொரை முன்னால கை கட்டி நின்னு வாங்கின காம்பரா எதுக்கு? வேல முடிஞ்சா எறங்குன்னு சொல்ற காம்பரா எதுக்கு? உங்களுக்குன்னு ஒரு வீடு! உங்க பேருல, உங்க சாவியில தொறக்கற வீடு! அதுலருந்து எந்தக் கொம்பனும் உங்கள எறக்க முடியாது!"

கைத்தட்டல் என்றால் அப்படி ஒரு கைத்தட்டல். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். இசக்கியக்கா தலைத்துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூடலூருக்குத் திரும்பும் காரில் கமலேஷ் பொன்ராஜின் தோளில் கை வைத்தார். "இந்த வீட்டு விஷயத்தைச் சொன்னால் எல்லா ஊரிலும் என்னை முறைப்பார்கள். இதுவரை ஒருத்தர்கூடக் கை தட்டியதில்லை. உங்கள் ஜனங்கள் தைரியசாலிகள், பொன்ராஜ்" என்றார். மனுஷன் நிஜமாகவே நெகிழ்ந்து போயிருந்தார். உண்மையைச் சொல்வதென்றால் அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். பொன்ராஜ், "தேங்க் யூ சார்" என்றார்.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன். "தம்பி, அந்த மனுசன் சொன்னது நெஞ்சுக்குள்ளயே நிக்குதுடா. சாந்தாமணிகிட்ட ரூம் வேணாம்னு சொல்லிட்டேன். வேற யாரோ கேட்டாங்களாம், குடுத்துடட்டும். நமக்குன்னு வீடு வரப்போ அந்த ஒழுகல்ல எதுக்குப் போயி?"

"அவசரப்படாத அக்கா. எலெக்‌ஷன் முடியட்டும்" என்றார் பொன்ராஜ். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

எலெக்‌ஷன் முடிந்தது. கமலேஷ் கட்சி வேட்பாளருக்கு டெபாசிட்டும் போனது. தினேஷ்குமார் கோயம்புத்தூருக்கு இறங்கியவர் மேலே ஏறவே இல்லை. பொன்ராஜுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி என்றால் நம்புவீர்களா? ஜெயித்தால்தானே வீடு, தோற்றவரை யார் கேட்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டார் மனுஷன். அக்காவிடம் அந்தக் கணக்குச் செல்லவில்லை.

"தோத்தா என்னடா? மைக்குல சொன்னவரு. வார்த்தை மாறுற மூஞ்சியா அது? நீ ஒரு போன் போட்டுக் கேளு" என்றாள். மழை விட்டது. பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, இசக்கியக்காவை வேலையிலிருந்து அனுப்பினார்கள். காம்பரா சாவியை எப்போது தருகிறீர்கள் என்று தோட்டத்து ஆபீஸில் பக்குவமாகத்தான் கேட்டார்கள். அன்றைக்கு மறுபடியும் போன் வந்ததும் பொன்ராஜ் லீவு போட்டுவிட்டுச் சேரம்பாடிக்குப் பஸ் ஏறினார்.

அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டியா? எப்பக் குடுப்பாராம்?" என்றாள் தலையை நிமிர்த்தாமலே.

பொன்ராஜ் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கமலேஷ் என்ன சொன்னார், தான் என்ன சொன்னார், காரில் என்ன நடந்தது, ஒன்று விடவில்லை. சொல்லி முடித்ததும், "நம்ம வீட்டுக்கு வந்துடு அக்கா. மேல் அறையைக் காலி பண்ணித் தர்றேன்" என்றார்.

இசக்கியக்கா சாக்கின் வாயைக் கட்டி முடித்தாள். தம்பி பக்கம் திரும்பினாள்.

"வீடு தர மாட்டேன்னு அவரு நேராச் சொன்னாரு. நீதான் தர்றேன்னு சொன்னே."

"ஆமாக்கா."

"அப்ப குடுக்க வேண்டியவன் நீதான். வர்றேன். நீ கூப்பிடாட்டியும் வருவேன், எனக்கு வேற போக்கிடம் இல்ல. ஆனா அன்னைக்குக் கை தட்டினவ நான் ஒருத்தியாடா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளியே போய் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் குரல் கொடுத்தாள். "அடியே, எல்லாம் வாங்கடி. என் தம்பி ஒண்ணு சொல்லணுமாம்."

அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். அன்றைக்கு மைதானத்தில் பார்த்த அதே முகங்கள். பொன்ராஜ் எழுந்து நின்றார். கமலேஷ் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல், தமிழில் சொன்னார். தோட்டம் போகும், வீடு போகும், வேலை முடிந்தவர்கள் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும், பொய் சொல்ல மாட்டேன். மைக் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

யாரும் திட்டவில்லை. அன்றைக்கு எழுந்து கத்தியவள் மட்டும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். அடுத்த வருசம் அவளுக்கும் வேலை முடிகிறது.

"அப்ப அந்த வீடு, சாவி, அதெல்லாம் நீங்களாச் சொன்னதா தம்பி?"

"ஆமாங்க."

"நல்லாச் சொன்னீங்க" என்றாள். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உலையைப் பார்க்க உள்ளே போனாள்.