கையைக் காயப்போட்ட அக்கா

போன கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. அரசு உதவித்தொகை வாங்குபவர்களிடம் கருத்துக் கேட்கிற தற்காலிக வேலை ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. தபால்காரர் கையில் கொடுத்துக்கொண்டிருந்த பணம் இப்போது வங்கிக் கணக்குக்குப் போகிறதே, அதில் மக்களுக்குத் திருப்தியா என்று கேட்க வேண்டும். டேப்லெட்டில் வரிசையாக முகங்கள் இருக்கும். வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பது ஒரு கோடி, கண்ணீர் விடுவது மறு கோடி. வாங்குபவரே ஒன்றைத் தொட வேண்டும். நான் தொடக்கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, பொன்னேரியில் பஸ் பிடித்து, பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றில் போய் இறங்கினேன். முதல் வீட்டிலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

அங்கே இருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, விதவை உதவித்தொகை வருகிறது. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். மழைக்குப் பிறகு இறால் நன்றாக விழுகிற நேரம் அது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. இவரோ வாசலில் உட்கார்ந்து, மருதாணி வைத்தவர் மாதிரி இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார். மருதாணியைத் தேடினேன். தேங்காய் எண்ணெய்தான் மினுங்கியது.

உடம்பு சரியில்லையா என்றேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். தண்ணீர்க் குடத்தை மகள் தூக்கினாள், பாத்திரத்தையும் மகளே துலக்கினாள். டேப்லெட்டை நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மாசாமாசம் பணம் வருகிற தெம்பில் வேலைக்குப் போகாமல் இருக்கிறாரோ என்று எனக்குள் ஓர் எரிச்சல்கூட வந்தது.

"இப்ப எதையும் தொடமாட்டேன் பாப்பா. மெஷின்காரரு வந்து போவட்டும், அப்பறம் கேளு. கை காயப்போட்டுக்கீறேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் விளக்கினாள். சேற்றிலே கிடக்கிற சிப்பி கீறிக் கீறி, தண்ணீரில் ஊறி, விரல் ரேகை தேய்ந்துபோகிறதாம். வங்கிப் பணத்தை ஊருக்கே கொண்டுவந்து கொடுப்பவரின் மெஷினில் விரல் வைத்தால் ரேகை விழுவதில்லை. அதனால் அவர் வருவதற்கு முந்தின வாரமே ஏரிக்குப் போவதை நிறுத்தி, எண்ணெய் தடவி, கையை ஆறப்போடுவார்களாம். போன மாதம் ஆறப்போட்டும் விழவில்லை. இன்றும் விழாவிட்டால் அவர் மறுபடி வரும்வரை இன்னொரு வாரம் கரையிலேயே இருக்க வேண்டும், அதற்குள் இறால் ஓடிவிடும் என்றாள்.

ரேஷன் கடை நிழலில் மெஷின்காரர் வந்து உட்கார்ந்ததும் நானும் கூடப் போனேன். அக்கா கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. மெஷின்காரர் விரல் வைக்கிற கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். சிவப்பு. வலது கையில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. அக்கா ஏரிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அடுத்த விரலாவது விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரென்றே தெரியாத ஒருவருக்காக நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. இடது கை மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

அக்கா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பணத்தை முடிந்துகொண்டு, "இப்ப கேளும்மா உன் கேள்விய" என்றார்.

பணம் வாங்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். அஞ்சு நிமிஷம் என்றார். சிரமம் ஏதாவது? இல்லையாம். முன்பெல்லாம் தபால்காரர் வரும்போது ஏரியில் இருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார், இப்போது மெஷின்காரர் என்றைக்கு வருவார் என்றாவது தெரிகிறதே என்றார். வீட்டில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் சிரமம் இல்லையா அக்கா என்று, கேட்கக்கூடாத கேள்வியையும் கேட்டேன்.

"அது நான் உக்காந்தது. அதுக்கு மெஷினு இன்னா பண்ணும்?" என்றார்.

சிரிக்கிற முகத்தின் மேல் விரலை வைத்தார். திரை அசையவில்லை. அழுத்தி வைத்தார். ஊஹும். காய்ப்பேறிய அந்த விரலை என் டேப்லெட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. நீயே அமுக்கு என்று என் பக்கம் தள்ளினார். நான் தயங்கினேன். விதி ஒரு பக்கம், அதைவிட, எந்த முகத்தை என்பதே எனக்குப் புரியவில்லை.

"இன்னா யோசிக்கிற? நான் சிரிக்கிறனா இல்லியானு பாத்து அமுக்கு."

அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அமுக்கினேன். நான் அடுத்த வீட்டுக்குத் திரும்புவதற்குள் பறியைப் பல்லில் கடித்தபடி தண்ணீரில் இறங்கிவிட்டார்.

மீஞ்சூர் அலுவலகத்தில் அந்தக் குப்பத்தின் பதில்கள் எல்லாம் நல்ல திருப்தி என்று பாராட்டினார்கள். நான் அமுக்கியது அவர் சொன்ன உண்மைதான், ஆனால் முழு உண்மைக்கு எந்த முகத்தை அமுக்கியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.