உடும்பு தெரியும் என்று சொல்லி வாங்கிய வேலை

பிராணிக் கடையில் வேலை செய்கிறவன் நாளுக்கு இரண்டு தரமாவது திடுக்கிடாவிட்டால் அன்றைக்குக் கடை பூட்டு என்று அர்த்தம். எண்பதுகளில் பாரிஸ் வந்து உணவகங்களில் கோப்பை கழுவிய அன்பர்களே, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கோப்பைகள் உங்களை வாலால் அடித்திருக்காது.

லா சப்பல் மெட்ரோவுக்குப் பின்தெருவில் இருந்தது கடை. முதலாளி அம்மாவை மதாம் என்போம். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சையாக நீளமாக ஒன்று கிடந்தது. "இதைப் பராமரிக்கத் தெரியுமா?" என்றார். உடும்பின் தம்பி என்று எண்ணி, "எங்கள் ஊரில் நிறைய உண்டு" என்று அடித்துவிட்டேன். அது தென்னமெரிக்கப் பச்சை இகுவானா. ஒரு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் வேலைக் கடிதம் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் என் விசாவைப் புதுப்பிக்க வழியில்லை.

கோழி ஈரல்

உடும்பு என்ன தின்னும்? முட்டையும் இறைச்சியும். நானும் தினமும் முட்டை உடைத்து வைத்தேன், கோழி ஈரலை வாயில் திணித்தேன். பத்தாம் நாள் அது கண்ணைத் திறக்கவில்லை.

மீன்தீனி வாங்க வந்த பிரெஞ்சுக் கயானாக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், பெட்டியை எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அவருடைய ஊரில் இது ஆற்றோர மரங்களின் உச்சியில் வெயில் காய்ந்துகொண்டு தளிரும் பூவும் தின்னுமாம். ஆபத்து என்றால் அங்கிருந்தே தண்ணீருக்குள் குதிக்குமாம். நானோ வெள்ளிக்கிழமைகளில் முட்டை பொரித்த சட்டியைக்கூடத் தொடாதவன். "இலையைத் தவிர ஒன்றும் வேண்டாத பிராணிக்கு நீ கோழி ஊட்டியிருக்கிறாய், மகனே!" என்றார் தபால்காரர்.

வெள்ளைத் தூள்

கீரைக்கு மாற்றியதும் கண்ணைத் திறந்தது. கூடவே தும்மத் தொடங்கியது. கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூள். நானும் மதாமும் அலறியடித்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். அவர் தூளை விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "உடம்பில் மிஞ்சிய உப்பை மூக்கால் தள்ளுகிறது, அவ்வளவுதான், வெளிறிப்போயிருப்பது நீங்கள் இரண்டு பேரும்தான்."

சிவம் அண்ணை

பக்கத்து உணவகத்தில் சமையல் வேலை பார்த்த சிவம் அண்ணை ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பையோடு வந்தார். "தம்பி, இஞ்சை உடும்பு நிக்குதாம். என்ரை நாரிப்பிடிப்புக்கு அந்தக் கறிதான் மருந்து. தாறியோ?"

கயானாக்காரரும் அங்கே நின்றார்; அண்ணை என்ன கேட்கிறார் என்று விசாரித்தார், நானும் சொல்லிவிட்டேன். தென்னமெரிக்காவில் பல இடங்களில் இதை மரக்கோழி என்பார்கள், கிறிஸ்தவர்கள் இறைச்சி விலக்கும் தவக்காலத்தில்கூட மீன் கணக்கில் சேர்த்து உண்கிறவர்களும் உண்டு என்று உற்சாகமாகச் சொல்லித் தொலைத்தார். அண்ணைக்குப் பிரெஞ்சு விளங்கும், முகம் மலர்ந்துவிட்டது. நான் பதறிப்போய்ப் பெட்டியை மறைத்துக்கொண்டு, "அண்ணை, இது உடும்பில்லை, சைவச் சீவன்" என்றேன். "சைவமெண்டால் இன்னும் நல்லது, ஆடும் சைவம்தானேடா!"

வால்

மாதம் முடிந்த அன்று மதாம் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்து, துடைக்கத் திறந்த பெட்டியிலிருந்து இகுவானா பாய்ந்து வாசலை நோக்கி ஓடியது. ஊரில் உடும்பை வாலில்தானே பிடிப்போம்! பிடித்தேன். வால் கழன்று கையோடு வந்துவிட்டது. தரையில் போட்டால் அங்கும் துடித்தது. மற்ற முழு உடம்பும் அலமாரிக்குக் கீழே போய்விட்டது. வேலையும் விசாவும் போனதென்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மதாம், எனக்கு உடும்புதான் தெரியும். இதை எனக்குத் தெரியவே தெரியாது" என்று உண்மையைக் கக்கினேன்.

மதாம் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். வாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "வால் திரும்ப முளைக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை இதை ஒருவரும் வாங்கமாட்டார்கள், கீரை கொடுக்க நீ இருந்துதான் ஆகவேண்டும்."

பாரிஸில் எனக்குக் கை கொடுத்தவர்கள் பலர் உண்டு. வாலைக் கொடுத்தது அது ஒன்றுதான்.