இரண்டு ரூபாய் ஆட்சேபணை

ஓட்டுப் போட அடையாள அட்டை கட்டாயமா வேண்டாமா என்று டிவியில் நாலு பேர் தொண்டை வறளக் கத்தும்போதெல்லாம் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் அட்டைக்கு முதலில் கட்சி கட்டியவள் என் அக்காதான். ஒரு தேர்தலில் அவள் பூத்துக்குப் போகும் முன்பே அவள் பெயரில் யாரோ ஒருத்தி ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். விரலில் மை இல்லாமல் திரும்பி வந்தவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "ஏட்டி, மூஞ்சியையும் அட்டையையும் ஒத்துப் பாத்து உள்ள விட்டா இந்தக் களவாணித்தனம் நடக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகுதான் தீப்பெட்டி ஆபீஸ் விபத்து. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெயரில் மட்டும் ஆபீஸ். குச்சிக்கு மருந்து முக்கும் கொட்டகையில் தீப்பிடித்ததில் அக்காவின் முகத்தில் பாதி வெந்துபோனது. உதடு ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு கண் பாதிக்கு மேல் திறக்காது. புதுப் போட்டோ எடுத்து அட்டையை மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். வீட்டுக் கண்ணாடியையே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தவள், கேமரா முன்னால் உட்காருவாளா? மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்த வருஷம் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். குடும்பக் கரிசல் நிலத்தில் அவர் பங்கை அக்கா கேட்டாள். அன்றோடு அத்தானின் தம்பி எங்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான்.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. என்னையும் அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம். உள்ளே ஒரு கட்சியின் பூத் ஏஜெண்டாக அத்தானின் தம்பி உட்கார்ந்திருந்தார். நாங்கள் அந்தக் கட்சிக்குப் போட மாட்டோம் என்பது ஊருக்கே தெரியும். அக்காவின் பெயரை வாசித்ததும் எழுந்தார்.

"ஆட்சேபணை சார். அட்டையில இருக்கது வேற ஆளு."

சட்டைப்பையில் துழாவி இரண்டு ரூபாய் நாணயத்தை மேசைமேல் வைத்தார். சட்டம் அப்படி. இரண்டு ரூபாய் கட்டினால், வந்திருக்கும் ஆள் அந்த ஆள் இல்லை என்று ஏஜெண்ட் சொல்லலாம். அப்புறம் தலைமை அலுவலர் விசாரிக்க வேண்டும். இரண்டு ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு மிட்டாய் கிடைத்தால் பெரிசு. ஒரு மனுஷியை இல்லை என்று சொல்ல மட்டும் அது தாராளமாகப் போதும்!

தலைமை அலுவலர் வெளியூர் வாத்தியார், சாதுவான மனிதர். "முக்காட்டைக் கொஞ்சம் எடுங்கம்மா" என்றார். அக்கா எடுத்தாள்.

"நான் இவ தங்கச்சி சார். இது எங்க அக்காதான்" என்றேன்.

"உடம்பொறந்தவ சொல்லத்தான் செய்வா. வேற ஆளக் கேளுங்க சார்" என்றார் அவர்.

அலுவலர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். அங்கே நின்ற பாதிப் பேர் வீட்டு விசேஷத்துக்கு அக்கா சோறு வடித்திருக்கிறாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பங்காளிச் சண்டையில் தலையைக் கொடுப்பானேன் என்று தரையைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"உங்களுக்கு இவங்களை முன்னப்பின்ன தெரியாதா?" என்று அலுவலர் அத்தானின் தம்பியிடமே கேட்டார்.

"இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல சார்."

அக்கா கோபப்படவில்லை. அவர் சொன்னது சரிதான் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

வெளிச்சத்தில் அட்டையைப் பார்க்கலாம் என்று அலுவலர் அவளை வாசல் பக்கம் கூப்பிட்டார். பாதியே திறக்கும் அந்தக் கண்ணுக்கு வாசல் படி தெரியவில்லை. கால் இடறியது.

"பாத்து மதினி, படி இருக்கு!"

திரும்பிப் பார்த்தேன். அத்தானின் தம்பி பாதி எழுந்து, பிடிக்க வருகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மதினியா?" என்றார் அலுவலர்.

அத்தானின் தம்பி உட்கார்ந்து, கையிலிருந்த தாளைப் புரட்ட ஆரம்பித்தார். பொய் ஆட்சேபணை என்று முடிவானதால் அந்த நாணயம் அவருக்குத் திரும்பிப் போகவில்லை. அக்கா மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டாள்.

வெடித்துக் கிடந்த கரிசல் வழியாக வீட்டுக்கு நடந்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "வசமா மாட்டுனாம்ல! ஊரே சிரிச்சிட்டு, பாத்தியா?" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். அக்கா பருத்திமார்க் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த இடத்தில் நின்றாள்.

"கொழுந்தனுக்கு நெசமாவே என்னைத் தெரியலன்னுதான் நெனச்சேன். எனக்கே என்னைத் தெரியல, அவனக் கொற சொல்லி என்ன செய்யன்னு மனசத் தேத்திக்கிட்டேன்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏட்டி, அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."