சாக்கில் கட்டிய கிறில்

சுனாமிக்குப் பிறகு கல்லடியில் வீடு தேடி வந்து கார் திருத்தும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நெட்டையான மனிதர், ஒட்டிய கன்னம். பழைய உதிரிப்பாகம் எதைக் கொடுத்தாலும் முதலில் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். உப்புக் கரித்தால் திருப்பித் தந்துவிடுவார். “கடல் குடிச்ச சாமான், பூட்டினா நிலைக்காது” என்பார். அலையில் உருண்ட வாகனங்கள் துண்டு துண்டாக விலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

சண்டை மறுபடி மூண்டிருந்தபோது, மாடு மோதி என் காரின் முகப்புச் சட்டமான கிறில் நொறுங்கியது. செங்கலடியில் பழையதொன்றை வாங்கி வைத்து அவரை அழைத்தேன். முற்றத்தில் குந்தியிருந்து உடைந்ததைக் கழற்றினார். பிறகு, நான் வாங்கியதன் கறை படிந்த இடுக்கில் நாக்கை வைத்தார். வைத்தவர் சட்டென்று துப்பினார்.

“கடலா?” என்றேன்.

கிணற்றடிக்குப் போய்த் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“கடல் உப்பு எனக்குத் தெரியும் அண்ணன். இது மனிசன்ட உப்பு.”

“சும்மா பயங்காட்டாதீங்க.”

“ஆரிட்ட வாங்கினீங்க எண்டு நான் கேக்கல்ல. நீங்களும் ஆரிட்டயும் ஒண்டும் கேக்காதீங்க. காரை முன்னுக்கு ஒண்டுமில்லாமலே ஓடுங்க.”

கிறிலைச் சாக்கில் சுற்றி இறுக்கிக் கட்டி என் கையில் தந்தார். அதன்பின் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கம் அவர் வரவேயில்லை.

யுத்தம் முடிந்தது. காரையும் விற்றுவிட்டேன். சாக்கு மட்டும் பின் அறையில் கிடக்கிறது. அந்த மனிதர் பிழையாகச் சொல்லியிருக்க வேண்டுமென்ற ஆசையில் சில தடவை முடிச்சை அவிழ்த்திருக்கிறேன். நாக்கை வைக்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை.